வாயில் குண்டூசி

அன்பு மகளுக்கு,

நேற்று ஓவியக்கூடத்தில் தொப்பி தைக்கும் ஒருத்தியின் பழைய படத்தைப் பார்த்தேன். முகத்தில் பச்சையும் நீலமுமாகத் தூரிகைக் கோடுகள். பார்க்கப் பார்க்க அவள் தண்ணீருக்குள் இருப்பதுபோல அசைந்தாள். மூடிய உதடுகளுக்கிடையில் குண்டூசிகள்.

நீ போன அன்று, லண்டனில் எங்கள் நோர்பரி வீட்டில், யாருக்கோ கூறைச் சேலைக்கு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். பெட்டியோடு வாசலில் நின்று கேட்டாய்: "அம்மா, நான் அவரைக் கலியாணம் கட்டுறது உங்களுக்குச் சம்மதமோ?" என் வாயிலும் குண்டூசிகள்தான். ஒவ்வொன்றாக எடுத்து முடித்தபோது வாசலில் நீ இல்லை.

படத்தில் இருப்பவள் வாய் திறந்து ஏதோ சொல்லப்போகிறாள் என்று, கூடம் பூட்டும்வரை அவள் முன்னால் இருந்தேன்.

நீ இருக்கும் ஹரோவும் லண்டன்தான், தூரமில்லை. உன் பிளவுஸ் அளவும் மாறியிருக்கும்.

ஓம், பிள்ளை, சம்மதம். அன்றைக்கும் ஓம்தான்.

உன் அம்மா