பறந்தால் வருவார்கள்

2025 ஏப்ரல் 21, திங்கள்

சனிக்கிழமை வகுப்புக்கு எடுத்துக்காட்டுகள் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் இந்தப் பழக்கம் என்னை விடவில்லை. இம்முறை, ஆங்கில வினைச்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்கள். 'லுக்' என்றால் பார். 'லுக் ஆஃப்டர்' என்றால் பராமரி. 'லுக் இன்டூ' என்றால் விசாரி. 'லுக் டவுன் ஆன்' என்றால் இளக்காரமாக நினை. பார்வை ஒன்றுதான், பின்னால் வரும் சின்னச் சொல் அதைத் தாயாகவும் ஆக்கும், துரையாகவும் ஆக்கும்.

இவற்றை 'இஃப்' போட்டுப் பேசப் பழக்க வேண்டும். அன்றாடப் பேச்சில் பாதி அதுதானே? பஸ் வந்தால் ஏறுவோம், மழை விட்டால் போவோம். வட்டவளையில் இருந்துகொண்டு 'மழை விட்டால்' என்று சொல்வதற்கே ஒரு துணிச்சல் வேண்டும்.

மாலையில் மீனம்மா வந்தாள்; தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் மேல் லயத்துக்காரி. அவளுடைய மருமகள் சுலக்ஷனாவுக்கு ஆடியில் பிள்ளை பிறக்கும். அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஒழுகுகிறது. தகரம் துருப்பிடித்து, ஆணி கழன்று, மேலே அடுக்கிய கற்களின் பாரத்தில்தான் நிற்கிறது. தோட்டத்தை நடத்தும் புதுத் துரையிடம் கேட்கப் போகிறார்கள். நானும் வந்து பேச வேண்டுமாம்.

சிங்களத்தில் பேசினால் போதாதா, உனக்குத்தான் நன்றாக வருமே என்றேன்.

"சிங்களத்துல கேட்டா இங்கிலீசுல சொல்றாரு டீச்சர். சரிங்கிறாரா, மாட்டேங்கிறாரா, ஒன்னும் வெளங்கல."

ஏப்ரல் 24, வியாழன்

துரை மரியாதையான மனிதர். நாற்காலி போட்டார், தேநீர் வரவழைத்தார் — எனக்கு மட்டும். மீனம்மாவும் கூட வந்த இரண்டு பெண்களும் நின்றார்கள். நானும் எழுந்துகொண்டேன். தேநீர் ஆறியது.

'இஃப் த ஃபண்ட்ஸ் கம் த்ரூ, வீ வில் லுக் இன்டூ இட்' என்றார். பணம் வந்து சேர்ந்தால் கவனிப்போம். 'இஃப் எனிதிங் கம்ஸ் அப், ஐ வில் கெட் பேக் டு யூ' என்றார். ஏதாவது வழி பிறந்தால் திரும்பச் சொல்கிறேன். அரை மணி நேரப் பேச்சில் ஒரு 'இல்லை' கிடையாது. நானோ ஒவ்வொன்றையும் மனத்துக்குள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நல்ல எடுத்துக்காட்டுகள்! பக்கத்தில் நிற்பவளுக்குக் கட்டிலில் தண்ணீர் சொட்டுகிறது. எனக்கு வாக்கியம் கிடைக்கிறது.

மீனம்மா விடவில்லை. கடைசியில் துரை விளக்கமாகவே சொன்னார். கூரை என்று ஒன்று நின்றுகொண்டிருக்கும்வரை புதுக்கூரைக்கு வழியில்லை. காற்றில் போய்விட்டால் கதை வேறு. அது இயற்கை அனர்த்தக் கணக்கில் சேரும், உடனே புதிது போட்டுவிடுவார்கள். 'இஃப் இட் கம்ஸ் ஆஃப், வீ வில் ஸ்டெப் இன்.' ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

"அப்ப, பறந்தாத்தான் வருவாங்க?"

"அப்படித்தான் சொல்றாரு."

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க டீச்சர். பறந்தா, கட்டாயம் வருவாங்களா?"

கேட்டேன். 'ஆஃப் கோர்ஸ்' என்றார். இன்று அவர் வாயிலிருந்து 'இஃப்' இல்லாமல் வந்த ஒரே பதில்.

வெறுங்கையோடு திரும்பினோம். ஆனால் மீனம்மாவின் முகம் தெளிந்திருந்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஏப்ரல் 26, சனி

தோட்டத்து வாசிகசாலையில் வகுப்பு. துரையின் வாக்கியங்களையே பலகையில் போட்டேன். த்ரீவீல் ஓட்டும் நிரோஷன் கையைத் தூக்கினான். "டூரிஸ்ட்காரங்களும் இப்படித்தான் டீச்சர். 'இஃப் வீ கம் பேக், வீ வில் லுக் யூ அப்'னு சொல்லிட்டுப் போறாங்க. தேடி வருவாங்கன்னு ரெண்டு வருசமா நம்பர மாத்தாம வச்சிருக்கேன்."

வகுப்பே சிரித்தது. நானும்தான்.

மே 3, சனி

மேல் லயத்தில் பாதை போடுகிறார்கள். ரோட்டிலிருந்து மீனம்மாவின் வாசல் வரை கல் பதிக்கிறார்களாம். என் தள்ளுவண்டியைக் கேட்டு வாங்கிப் போனாள். இத்தனை கல் ஏது என்று கேட்டேன்.

"கெடந்துச்சு டீச்சர். சேறு வழுக்குது. மாசமா இருக்கிற புள்ள விழுந்துட்டா யாரு பாக்குறது?"

நியாயம்தான்.

மே 11, ஞாயிறு

குடையோடு பாதையைப் பார்க்கப் போனேன். வரிசை பிசகாமல் பதித்திருக்கிறார்கள். நடுவில் நின்று, நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன்.

மேலே ஒரு கல்லும் இல்லை.

மே 12, திங்கள்

யாரிடம் சொல்வது? துரையிடமா? என்னவென்று சொல்வது? அவர் சொன்னதைத் தமிழாக்கிக் கொடுத்ததே நான்தானே. தகரம் பறந்து யாராச்சும் அடிபட்டா? கடவுளே, நான் என்னா செய்வேன்?

மனம் கேட்காமல் மீனம்மாவிடமே போனேன். அவள் அமைதியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சுலக்ஷனாவை ராகலைக்கு, தாய் வீட்டுக்கு, அனுப்பியாயிற்று. காற்று கிளம்பினால் லயத்தின் ஆறு காம்பராக்காரர்களும் வாசிகசாலைக்குப் போய்விடுவார்களாம்.

"கல்லு இருந்தப்ப மட்டும் நிம்மதியாவா படுத்தோம்? தகரம் இத்துப்போனா அந்தக் கல்லுதான டீச்சர் தலையில விழும்?"

என்னிடம் வாசிகசாலைச் சாவி இருந்தது. கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 25, ஞாயிறு

ஓர் இலை அசையவில்லை. வேண்டாத வருடமெல்லாம் அடிக்கிற காற்று எங்கே போய்த் தொலைந்தது?

மே 30, வெள்ளி

மத்தியானம் அடித்தது. எல்லாரும் முன்னமே வாசிகசாலைக்கு வந்துவிட்டார்கள். பாத்திரங்கள், பாய்கள், ஒரு கோழிகூட. வகுப்பு பெஞ்சுகளில் உட்கார்ந்து, தகரம் போகும் சத்தத்தைக் கேட்டோம். மீனம்மா என் கையைப் பிடித்திருந்தாள்.

ஆறு காம்பராக் கூரையும் போய்விட்டது. பாதித் தகரம் தேயிலைக்குள் கிடக்கிறது. ஒருவருக்கும் காயமில்லை. ஆட்களை எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

ஜூன் 2, திங்கள்

துரை வந்தார். சொன்ன சொல் தவறவில்லை, பறந்தது, வந்தார். கூடவே அனர்த்த உதவிப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி. இருவரும் சப்பாத்தில் சேறு படாமல் புதுப் பாதை வழியாகவே நடந்து வந்தார்கள். நல்ல பாதை என்று துரை பாராட்டினார். தமிழில் சொன்னேன். மீனம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

'இஃப் யூ ஹாட் ஸ்போக்கன் அப் ஏர்லியர், வீ குட் ஹாவ் சோர்ட்டட் இட் அவுட்' என்றார் துரை, உண்மையான வருத்தத்தோடு. முன்னமே வாய் திறந்து சொல்லியிருந்தால் சரிசெய்திருக்கலாமாம். இது நடக்காமல் போனவற்றுக்கான 'இஃப்'. பாடப்புத்தகத்தில் கடைசியில்தான் வரும்; அதற்குள் பிள்ளைகள் களைத்திருப்பார்கள்.

"சொன்னோமேன்னு சொல்லுங்க டீச்சர்."

சொன்னேன். துரை தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். அங்கே வானம்தான் இருந்தது.

அதிகாரி கொஞ்சம் கூர்மையானவர். லயத்துக் கூரையில் கல் வைப்பது வழக்கமாயிற்றே, தகரம் விழுந்து கிடக்கும் இடத்தில் ஒன்றையும் காணோமே என்று என் பக்கம் திரும்பினார். கேட்டபோது அவர் நின்றது ஒரு நல்ல தட்டைக் கல்லின் மேல்.

பொய் சொல்லக்கூடாது என்று முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். இப்போதும் சொல்லவில்லை. 'இஃப் ஐ கம் அக்ராஸ் எனிதிங், ஐ வில் கெட் பேக் டு யூ' என்றேன். ஏதாவது கண்ணில் பட்டால் திரும்பச் சொல்கிறேன்.

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். துரை என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அவரும் தலையாட்டினார். அந்தப் பாஷை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஜூலை 20, ஞாயிறு

சுலக்ஷனாவுக்குப் பெண் பிள்ளை. இன்று போய்ப் பார்த்தேன். புதுத் தகரத்தை போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். மேலே மழை கொட்டுகிறது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. பிள்ளை அந்தச் சத்தத்திலேயே தூங்குகிறது.

வீடு திரும்பியபோது கீழ் லயத்து இராசம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தள்ளுவண்டி வேண்டுமாம்.

"எங்க பக்கமும் ஒரு பாதை போடணும் டீச்சர். சேறு ரொம்ப வழுக்குது."

சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுத்தான் வைத்திருந்தேன். வாசிகசாலைச் சாவியையும் சேர்த்துக் கொடுத்தேன்.