விதி ஒன்பதில் ஒரு சொல்

நிலவு, தென்துருவ நிலையம். எழுதுவது: பனி ஆய்வாளர் சண்முகவடிவு.

நாள் 176, 08:00
துளையின் ஆழம் 41 மீட்டர். மாதிரிகள் ஆறு. நான் ஆய்வறையில், வெல்டர் சவரிமுத்து பட்டறையில். ஒவ்வோர் அறையின் காற்றுத் திருகும் எதிர் அறையில் இருக்கிறது. ஒருவர் மூச்சுக்கு மற்றவர் பொறுப்பு. என் பணிக்காலம் நாளை மறுநாள் நண்பகலில் முடிகிறது. அழைத்துப்போகும் கலம் எட்டு நாள் தாமதம்.

14:20
விண்கல் துகள் பட்டு ஒரு பிராணவாயுக் கலன் காலி. விதி ஒன்பது: இருப்பு குறைந்தால் ‘பணியாளர்’ இல்லாத அறைக்குக் காற்று கிடையாது. நிலையத்தின் நடுவர் இயந்திரம் பட்டறைக் காற்றை நிறுத்தி, இடைக்கதவைப் பூட்டியது. சவரிமுத்து ஒப்பந்தக்காரர், பணியாளர் பட்டியலில் இல்லை. உள்ளிருக்கும் காற்று இருபது மணி நேரம் வரும்.

14:45
முறையிட்டேன். நடுவர்: “சொல்லின் பொருளை விரிப்பது சட்டம் இயற்றுவதாகும். அது பேரவையின் வேலை.”
அந்த வாக்கியம் என்னுடையது. ஆறு ஆண்டுகளுக்கு முன் விதிக்குழுவில் நான்தான் சேர்த்தேன். இயந்திரம் இரக்கப்பட ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

19:10
பூமியிலிருந்து பேரவை: “சட்டத்துக்குப் பொருள் சொல்வது நடுவரின் அதிகாரம். அதில் பேரவை தலையிடாது.”
இருவரும் எல்லையை மதிக்கிறார்கள்.

19:30
வானொலியில் சவரிமுத்து: “என்ன மேடம், நான் ஆளா, இல்ல பட்டறைச் சாமானா? முடிவு பண்ணிட்டாவளா?”
பிறகு: “ஒங்க பக்கத் திருகத் தொறந்து விடுங்களேன். யாரு பாக்கப்போறா?”
தீர்ப்பு வரட்டும் என்றேன். ஆளுக்கு ஆள் விதியை மீறினால் நிலையம் நிற்காது என்றும் சொன்னேன்.
“படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்.” சிரித்தார். இருமினார்.

நாள் 177, 10:40
நடுவருக்கும் பேரவைக்கும் மும்முறை எழுதியாயிற்று. வானொலியில் அவர் குரல் இல்லை. என் பக்கத் திருகின் பூட்டை ஸ்பானரால் உடைத்துத் திறந்தேன். மூன்று நிமிட வேலை.

11:30
குரல் இல்லை.

16:00
பேரவை விதியைத் திருத்தியது: ஒப்பந்தக்காரரும் பணியாளரே. இன்று முதல் செல்லும். பட்டறையில் உயிருள்ள பணியாளர் எவரும் இல்லை என்று நடுவர் கதவைத் திறக்கவில்லை. காற்றையும் மறுபடி அடைத்துவிட்டது.

நாள் 178, 12:01
நடுவர்: “பணிக்காலம் முடிந்தவர் பணியாளர் அல்லர். திருத்தம் அவரைக் குறிப்பிடவில்லை.”
சரியான வாசிப்பு. நானும் அப்படித்தான் வாசித்திருப்பேன்.
காற்றுக்குழாயின் சத்தம் நின்றுவிட்டது. பேரவைக்கு எழுதியிருக்கிறேன்.
என் அறையின் திருகு சவரிமுத்துவின் பக்கம்