கேட்காமல் செய்த உதவி

திருக்கோகர்ணம்,
ஞாயிறு மாலை.

அன்பு மருமகள் ஷர்லிக்கு மாமா எழுதுவது.

ஆண்டவர் தயவில் நானும் உன் அத்தையும் பிரின்சியும் சுகமாக இருக்கிறோம். அயர்லாந்துக் குளிரிலும் ஆஸ்பத்திரி வேலையிலும் நீ உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நினைக்கிறேன். தினமும் போனில் பேசுகிற மனிதர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று தோன்றும். போனில் பேசும்போது உன் அத்தை பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான். விஷயம் இரண்டு. ஒன்று, பிரின்சியின் லேப்டாப். மற்றது, உன்னை மறுமணத்துக்குக் கேட்டு ஆவூரிலிருந்து ஆள் வந்தது. முதலில் லேப்டாப்.

ஆண்ட்ரூஸின் மெஷின் ஒரேயடியாக நின்றுவிட்டது. அவன் நம்மை விட்டுப் போன பிறகும் இத்தனை காலம் ஓடியதே பெரிது. பிரின்சி அப்பாவிடம் படம் வரையப் பழகியது விண்டோஸில் இல்லை, லினக்ஸில்தான், கம்பெனியிலேயே அதைப் போட்டு வருகிற லேப்டாப்பாகப் பார்த்து வாங்குங்கள் என்று நீ சொல்லியிருந்தாய். அங்கே சுலபமாகக் கிடைக்கிறதோ என்னவோ. இங்கே அதைத் தேடுவது கடைசி பஸ் போன பிறகு ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி இருந்தது. டைம் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவனுக்கு அந்த நிலைமை நன்றாகவே தெரியும்.

கீழராஜ வீதியில் முதல் கடைக்காரர், "அது வெறும் டப்பா சார், உள்ள ஒண்ணும் இருக்காது" என்றார். அடுத்த கடையில், "வரும் சார், ஆனா நாங்க அப்படியே குடுக்கிறதில்லை. அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுத்தான் குடுப்போம்" என்றார்கள். காசு கொடுத்து வாங்கிய விண்டோஸா என்று கேட்டேன். எதற்கு இந்தப் பெரியவருக்கு இதெல்லாம் என்பதுபோல் பார்த்தார்கள். ஆண்ட்ரூஸ் இருந்திருந்தால் அங்கேயே ஒரு பிரசங்கம் வைத்திருப்பான். இலவசமாகக் கொடுப்பதை அழித்துவிட்டுத் திருட்டுச் சரக்கைப் போடுகிறார்கள் என்று அவன் புலம்புவது உனக்கு நினைவிருக்கும்.

கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் உதயசூரியன் என்பவர் கடையில் ஒன்று இருந்தது. யாரும் கேட்காததால் பெட்டி பிரிக்காமல் உள்ளே கிடந்தது. எடுத்துப் போட்டுக் காட்டினார். ஆண்ட்ரூஸ் மெஷினில் வருகிற அதே திரை வந்தது. இதை அப்படியே கொடுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். அவரும் எனக்காகச் சாவகாசமாக ரெடி பண்ணி வைத்திருந்தார்.

வீட்டில் பிரின்சி திறந்து பார்த்தாள். "தாத்தா, இது அப்பாவோடது மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டு மூடி வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் டவுன் பஸ் பிடித்துப் போய்க் கேட்டேன். உதயசூரியன் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "பெரியவங்க தெரியாம கேக்குறீங்கன்னு நெனச்சேன் சார். பாப்பா படிப்புக்கு ஒதவாதேன்னுதான் நானே விண்டோஸ் போட்டேன். அதுக்குக் காசுகூட வாங்கலையே" என்றார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். "கேட்டா வேணாம்னுதான சார் சொல்வீங்க" என்றார். நல்ல மனிதர். கோபப்பட வழியில்லை. லினக்ஸைத் திரும்ப இறக்கிப் போடும்வரை உட்கார்ந்திருந்து வாங்கி வந்தேன். இப்போது பிரின்சி அதில்தான் வரைகிறாள்.

இனி மற்ற விஷயம். ஆவூர் வாத்தியார் வீட்டிலிருந்து வந்தார்கள். அவர் மகனும் உன் ஊரில்தான் வேலை பார்க்கிறாராம், அங்கே கோயிலில் உனக்குப் பழக்கமாம். மனைவியை இழந்தவர். உன் அம்மா வீட்டுக்குப் போகாமல் முதலில் எங்களிடம் வந்தார்கள். அப்படி வரச் சொன்னது யார் என்று நான் விசாரிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று நான் சொல்வதற்குள் உன் அத்தை, "எங்க மருமகளுக்கு அந்த நெனப்பே இல்லைங்க" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். உன்னிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை.

லேப்டாப்பைச் சரிசெய்து கொண்டுவந்த அன்று உன் அத்தையிடம் கேட்டேன், ஷர்லியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று. வெகுநேரம் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "கேட்டா அவ சரின்னு சொல்லிருவாளோன்னுதான்" என்றாள். அவளைக் குறை சொல்லாதே. நீ சரி என்றால் பிரின்சியும் போய்விடுவாள் என்று பயப்படுகிறாள். எனக்கும் அந்தப் பயம்தான். ஆனால் அவளைப் போல் வாய்விட்டுச் சொல்ல எனக்கு வராது.

இன்று பூசை முடிந்ததும் நான் மட்டும் ஆவூர் போய் வந்தேன். அன்று சொன்னது எங்கள் பதில், ஷர்லியின் பதில் இல்லை, அவளிடமே கேளுங்கள் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன். திரும்பி வந்து உன் அத்தையிடமும் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

சரியோ வேண்டாமோ, நீ சொல்வதுதான் பதில். எங்களுக்காக ஒன்றும் சொல்லாதே. சரி என்றால், உன்னை மருமகளாகக் கூட்டிவந்த நாளில் நின்றதுபோலவே கோயிலில் நான் முன்வரிசையில் நிற்பேன். பிரின்சியை நீ அழைத்துப் போகும்போது புது மெஷினையும் கொடுத்தனுப்புகிறேன். பழையதை மட்டும் இங்கே விட்டுவிடு. அது ஓடாது, தெரியும். உன் அத்தை தினமும் அதைத் துடைத்து வைக்கிறாள்.

நீ எங்கே, யாரோடு இருந்தாலும் சந்தோஷமாக இரு, தாயி. மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
என்றும் உன் மாமா,
அடைக்கலசாமி