குங்குமம் வைத்த கேமரா

ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
கார்த்திகை 5

அன்புள்ள பூபதிக்கு,

அன்பரசு எழுதுவது. கனடாக் குளிரில் நீயும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

முதலில் நீ கேட்ட சங்கதி. உன் அப்பாவின் ஜெர்மன் கேமரா ஜெர்மன் இல்லையப்பா. ரஷ்யக் கேமராவின் பெயரைத் தேய்த்துவிட்டு ஜெர்மன் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறு. ஆறாயிரத்துக்கு மேல் போகாது. அதை மாட்டிக்கொண்டு நாமக்கல் கல்யாணங்களில் அவர் காட்டிய மிடுக்குக்கு மட்டும் ஒன்றும் குறைச்சலில்லை.

இனி நான் செய்தது. பழைய கேமரா கைக்கு வந்தால், முதலில் பிலிம் சுற்றும் குமிழைத் திருகிப் பார்க்க வேண்டும். இறுகினால் உள்ளே பிலிம் இருக்கிறது. பழைய கேமராவுக்கு விலை சொல்லும் தொழிலில் இருபது வருடமாகத் தவறாமல் இதைச் செய்பவன், அன்று செய்யவில்லை. எத்தனை படம் எடுத்தாயிற்று என்று காட்டும் எண்ணும் கண்ணில் படவில்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை உன் அம்மா வைத்த சந்தனமும் குங்குமமும் அதன்மேல் காய்ந்து அப்பியிருந்தன. போலியைப் பிடித்துவிடும் அவசரத்தில், மேசை விளக்கின் கீழேயே பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே பிலிம், அதன்மேல் வெளிச்சம் பட்டுவிட்டது. பிறகு சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தேன். நாலு என்று இருந்தது.

மறுநாளே உன் அம்மா எருமப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். "பாப்பா படத்தக் கழுவிட்டியா சாமி?" என்று கேட்டார். நீ விலை பார்க்கச் சொன்னது அவருக்குத் தெரியாது; படம் கழுவத்தான் கேமரா என்னிடம் வந்தது என்று நினைத்திருக்கிறார். பிலிம் இருப்பது உனக்குத் தெரிந்திருக்காது. உன் தங்கை வெண்ணிலா காய்ச்சலில் போவதற்கு முந்தின வாரம் அப்பா எடுத்த நாலு படங்களாம். அவளுடைய மற்ற படங்களை எல்லாம் அவர் அவளோடு குழியில் போட்டது உனக்கே தெரியும். இதை மட்டும் கழுவ மனம் வராமல் சாகும்வரை அப்படியே வைத்திருந்திருக்கிறார்.

கழுவினேன், பூபதி. மூன்று படம் முழுக்கக் கறுத்துவிட்டது. நாலாவதில் ஒரு ரிப்பனும் காதும் தெரிகின்றன. முகம் இல்லை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

அடுத்தவர் கேமராவை முகத்துக்கு நேரே போலி என்று சொல்கிற எனக்கு, அம்மாவிடம் உண்மை சொல்லத் தைரியம் வரவில்லை. கழுவ நாளாகும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவரும் திங்கட்கிழமைதோறும் எனக்கு நாட்டுக்கோழி முட்டை எடுத்துக்கொண்டு வருகிறார். போன வாரம், "பூபதி மூக்கும் பாப்பா மூக்கும் ஒண்ணுதான் சாமி, அவனப் பாத்தும் ஆறு வருசமாச்சு" என்றார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். தைக்குள் வந்துவிடு. நான் அம்மாவிடம் உண்மையைச் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்திரு. அவர் பார்ப்பதற்கு ஒரு முகமாவது இருக்கட்டும்.

உன்
அன்பரசு