சிப்பாய்களுக்குச் செருப்பு

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் தம்பிதான் ஜெயித்தான். ஆனால் ஜெயித்தவன் முகமா அது! கையை நீட்டும்போதெல்லாம் மேசையில் இரண்டு பொம்மைச் சிப்பாய்கள் விழுந்தார்கள். ஒரு தடவை என் வில்வீரர் வரிசை மொத்தமும் சாய்ந்தது. "சாரிக்கா, சாரிக்கா" என்று தடவித் தடவி நிமிர்த்தினான். கண்ணின் நடுப்பகுதி மங்கிக்கொண்டு வருவதாக டாக்டர் சொல்லி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கேட்டால், "ஓரத்துல நல்லாவே தெரியுது, நீ சும்மா இரு" என்பான்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "இன்னும் கொஞ்ச நாள் பார்த்துட்டு நிறுத்திக்கலாம்க்கா" என்றான்.

நிறுத்துவதா? ஐம்பத்தாறு வயதில் எனக்கென்று இருக்கிற ஒரே விளையாட்டுத் துணை அவன். அவன் வராத ஞாயிற்றுக்கிழமையில் நான் என்ன செய்வேன், துணி மடிப்பேனா?

மார்ச் 5

கடையில் படச்சட்டங்களுக்கு அட்டை வெட்டிக்கொண்டே யோசித்தேன். சட்டென்று பிடிபட்டது. கோளாறு செருப்பில்!

பொம்மைச் சிப்பாய் நிற்பதற்கு அடியில் ஒட்டுகிற தட்டுக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். தம்பிக்கு ஏழு வயதிருக்கும்போது, "வெறுங்கால்ல எப்படிக்கா சண்டைக்குப் போவான்?" என்று கேட்டான். அன்றிலிருந்து செருப்பு. தட்டு தனியாக விற்கும் என்பதே எங்களுக்கு அப்போது தெரியாது. காலாட்படைக்கு ஷூ பெட்டி அட்டையைச் சின்னச் சதுரமாக நறுக்கினோம். சதுரமாக இருந்தால் தோளோடு தோள் ஒட்டி வரிசை கட்டலாம். குதிரைக்கு நீளம் வேண்டும், அதனால் ஐஸ் குச்சி. பீரங்கிக்குத் தீப்பெட்டியின் அடி. கொடிக்காரனுக்கு சோடா மூடி. என் படையில் எல்லாச் செருப்புக்கும் ஓர் ஓரத்தில் வெட்டு இருக்கும், சண்டை வந்தால் யார் ஆள் என்று தெரிய. சண்டை எப்போதும் வரும்.

சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பொம்மையைத் தொடக்கூடாது, செருப்பைத்தான் பிடிக்க வேண்டும். தொட்டால் பெயிண்ட் போய்விடும். இன்றுவரை இருவரும் மீறியதில்லை.

தம்பியின் தளபதிக்கு மட்டும் அம்மாவின் நீலக் கோட்டுப் பொத்தான். வெட்டி எடுத்தவள் நான், யோசனை அவனுடையது. அம்மா வீடு முழுக்கத் தேடினாள், "காக்கா தூக்கிட்டுப் போச்சா?" என்று கேட்டாள், கடைசியில் ஒரு பழுப்புப் பொத்தானைத் தைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். ஒரு வாரம் கழித்து எங்கள் மேசைப் பக்கம் வந்து குனிந்து பார்த்தாள். "இந்த ஆளோட செருப்பு ரொம்ப நல்லாயிருக்கே" என்றாள். அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் செருப்பெல்லாம் சின்னது, கனமே இல்லாதது. கை பட்டால் விழத்தான் செய்யும். மாற்றிவிடுகிறேன்.

மார்ச் 9

பொம்மைக் கடைக்காரர்: "இப்பல்லாம் வட்டம்தாங்க. முன்ன இருபத்தஞ்சு மில்லிமீட்டர் போட்டாங்க, இப்ப முப்பத்திரண்டு. கெட்டியா நிக்கும்." குதிரைக்கும் பீரங்கிக்கும் வேறு அளவு வாங்கிக்கொள்ளச் சொன்னார். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால்தானே மேசைக்கு அழகு? பெரிய மேதாவி மாதிரி அப்படித்தான் சொல்லிவிட்டு, எல்லாருக்கும் பெரிய வட்டமே வாங்கி வந்தேன்.

மார்ச் 10

தம்பி ஊரில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. வெந்நீரில் ஊறவைத்துப் பழைய செருப்பெல்லாம் பிடுங்கியாயிற்று. பொத்தான் இரண்டாக உடைந்தது. போகட்டும், பழசுதானே. எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டுப் புது வட்டங்களை ஒட்டினேன், அவனுக்குச் சிவப்பு.

மார்ச் 17, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

வந்து உட்கார்ந்தான். ஒரு சிப்பாயின் அடியைத் தொட்டான். அடுத்ததைத் தொட்டான். அதற்கடுத்தது. கை அப்படியே நின்றது.

"இது யாருக்கா?"

"புதுச் செருப்பு! எப்படி இருக்கு?"

"எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்களே."

"கலரைப் பாருடா. சிவப்பு உன்னுது."

சிரித்தான். "கலரா? போன வருஷத்துலேர்ந்து எனக்கு பொம்மையே தெரியலக்கா. செருப்பை வச்சுத்தான் ஆடிட்டிருந்தேன்."

அட பாவி! ஒரு வருஷமா என்கிட்ட சொல்லாம, ஜெயிச்சு வேற தொலைச்சிருக்கான்! விழுந்ததெல்லாம் அவன் தேடினதாலயா? ஓரத்துல தெரியுதுன்னு சொன்னானே, நானும் நம்பினேனே. அய்யோ, நான் என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்.

"விடுக்கா, நல்லாத்தான் செஞ்சிருக்க" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். என்னைத் திட்டியிருக்கலாம்.

மார்ச் 18

குப்பை வண்டி என்றைக்கோ வந்துபோய்விட்டது.

மார்ச் 24, ஞாயிறு

வரவில்லை. தம்பி மனைவிதான் போன் செய்தாள். "தலைவலின்னு சொல்லச் சொன்னார், அண்ணி. தலைவலியெல்லாம் ஒண்ணும் இல்ல. சுவரைப் பார்த்துட்டு உக்காந்திருக்கார்."

துணி மடித்தேன்.

மார்ச் 27

மதிய இடைவேளையில் கடை மெஷினிலேயே வெட்டினேன். தடித்த அட்டை, பழைய வடிவங்கள், அளவு மட்டும் பெரிது. காலாட்படைக்கு முப்பது மில்லிமீட்டர் சதுரம். குதிரைக்கு அறுபதுக்கு முப்பத்தைந்தில் நீள்வட்டம். பீரங்கிக்கு நீள்சதுரம். கொடிக்காரனுக்கு நிஜ சோடா மூடியே. என் ஆட்களுக்கு ஓரத்தில் வெட்டு. அடியில் இரும்பு வாஷர் ஒட்டினேன், தடவினாலும் சாயாது.

முதலாளி எட்டிப் பார்த்து, "இது ஃபிரேம் கடையா, செருப்புக் கடையாம்மா?" என்றார். என்ன செய்கிறேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். சொன்ன நாளிலிருந்து இதையேதான் கேட்கிறார்.

தளபதி மட்டும் வெறுங்காலோடு நிற்கிறார்.

மார்ச் 30

அம்மாவின் நீலக் கோட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். அவள் போன பிறகு அதை யாரையும் தொடவிட்டதில்லை, சலவைக்குக்கூடப் போடவில்லை. மூன்று நீலம், ஒரு பழுப்பு. கத்தரிக்கோலை இரண்டு தடவை கீழே வைத்தேன்.

மூன்றாவது தடவை வெட்டிவிட்டேன். இப்போது இரண்டு நீலம். தளபதிக்கு வாஷர் ஒட்டவில்லை; அடியில் நாலு ஓட்டையும் விரலுக்குத் தெரிய வேண்டும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கூப்பிட்டால் வரமாட்டான் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே அவன் வீட்டுக்குப் போனேன். "வேணாம்க்கா" என்றான். "உன்னை யாருடா கேட்டா?" என்று எல்லாரையும் மேசையில் நிறுத்தினேன்.

முதலில் ஒரு சதுரம். பிறகு நீள்வட்டம். "குதிரை" என்றான். ஓரத்தில் வெட்டு. "இது உன் ஆளு, எடுத்துட்டுப் போ." முகம் மெல்ல மெல்ல மாறியது. கடைசியாகத் தளபதியைத் தூக்கி அடியில் விரலை வைத்தான். நான்கு ஓட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டான்.

"கோட்டுல கைய வச்சிட்டியா?"

"ஆமாம்."

"அம்மா தேடப் போறாங்க."

தளபதியை மெதுவாக மேசையில் வைத்தான். பிறகு, "சரி, நீயும் கண்ணைக் கட்டு. அதான் நியாயம்" என்றான்.

துண்டைக் கட்டிக்கொண்டேன். எடுத்தவுடன் என் பீரங்கியால் என் குதிரைகளையே சுட்டேன். அவன் சிரித்த சிரிப்பில் தம்பி மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அதற்கப்புறம் ஒரு நல்ல அடி அடித்தேன், பீரங்கியை நேராக அவன் கொடிக்காரன் முன்னால் வைத்து.

"அழுகுணி ஆட்டம்!" என்று கத்தினான். "எட்டிப் பாக்குற!"

உண்மைதான், துண்டுக்கு அடியில் கொஞ்சம் பார்த்தேன். "உனக்கு எப்படிடா தெரிஞ்சது?"

"தடவுற சத்தமே இல்லாம நேரா வச்சியே."

எழுந்து வந்து, என் பின்னால் நின்று, துண்டை அவனே இறுக்கிக் கட்டிவிட்டான்.