அழித்துவிட்டதாகச் சொன்ன செய்தி

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலை, பீரோவில் கிடந்த பழைய ஃபோனைச் சார்ஜில் போட்டது. பிறகுதான் பால். ஆடிக் காற்று. கொடித் துணி பாதி பக்கத்து மாடியில்.

நேற்று சைபர் கிரைம் பெண் எஸ்.ஐ. எங்கள் பனியன் கம்பெனிக்கே வந்துவிட்டார். சாம்பிள் அறையில் பேச்சு. போன வருடம் முதலீடு என்று என் சேமிப்பைக் கரைத்த 'அருண்' கிடைத்துவிட்டானாம். ஆறு மாதம், தினமும் குரல் பதிவில் "சாப்டீங்களாக்கா?" என்று கேட்டவன்.

"நாலு நாட்டுப் போலீஸ் ஒண்ணாச் சேந்து வெளிநாட்டுல இந்த மோசடி நடந்த கட்டடத்தத் தொறந்துட்டாங்கக்கா. உள்ள நம்ம ஆளுகளும் அடஞ்சு கெடந்திருக்காங்க. உங்க அருண், இங்க பக்கத்துல மங்கலத்துல தறி ஓட்டுனவருங்க. வேலைன்னு கூட்டிட்டுப் போயி பாஸ்போர்ட்டப் புடுங்கிட்டாங்க."

நான் கையிலிருந்த சாம்பிள் சட்டையின் காலர் அளவையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஆர்டர் கொடுத்த பையர் மூன்றாம் முறையாக அளவை மாற்றிவிட்டார். தலைவலி.
வாங்க: வெந்தயம், நூல் கத்தரி, மகள் ரேவதியின் ஹாஸ்டலுக்கு சோப்பு.

மதியம் எஸ்.ஐ. ஃபோன். அங்கிருந்து அனுப்பிய அவன் ஃபோன் பதிவில் கடைசி வாரம் மட்டும் இல்லை. "மெரட்டித்தான் செய்ய வெச்சாங்கன்னு காட்ட ஏதாச்சும் வேணுங்க. இல்லாட்டி அவரும் குத்தவாளிதான். உங்ககிட்ட ஒண்ணும் இல்லீங்களா?"

"எல்லாம் அழிச்சுட்டனுங்க." போன வருடம் புகார் கொடுத்தபோது சொன்ன அதே பொய்.

இருக்கிறது. கடைசிச் செய்தி: "அக்கா, இனிப் பணம் போடாதீங்க. நான் அருண் இல்லீங்க. எங்கள அடைச்சு வெச்சிருக்காங்க." அதுவும் தந்திரம் என்றே நினைத்தேன். ஆனால் ரேவதியின் நகையை அடகு வைக்கப் போன நான், வைக்காமல் திரும்பியது அன்றுதான்.

அதைக் கொடுத்தால் அதற்கு முந்தைய ஆறு மாதமும் போகும். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு யாரிடமும் சொல்லாததெல்லாம் அதில். நாலு நாட்டு அதிகாரிகள் மொழிபெயர்த்துப் படிப்பார்கள், நான் தனியாகச் சாப்பிட முடியாமல் டிவி முன் உட்கார்ந்ததை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கம்பெனியில் ஆடி வெள்ளிக் கூழ். குடிக்காமலே ஸ்டேஷன். வீடியோ காலில் அவன் குரலை அடையாளம் சொல்ல வேண்டும். நான் கேமராவில் தெரியாத மூலையில். முன்னால் அவன் மனைவி, பஞ்சு ஒட்டிய முடியோடு, மில் ஷிப்டிலிருந்து நேராக.

திரையில் அந்த நாட்டுப் பெண் அதிகாரி, பக்கத்தில் அவன். இளைத்த ஆள். அதிகாரி தன் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவன் முதலில் கேட்டது: "சாப்டியா புள்ள?"

"நீ மொதல்ல சாப்டு. எலும்பாட்டம் இருக்கற" என்று அவள் திட்டினாள்.

அதே குரல். அந்தக் கேள்வியை யாரோ எழுதிக் கொடுக்க வாசிக்கிறான் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன்.

நாளை அரை நாள் பெர்மிஷன். பழைய ஃபோனை எஸ்.ஐ. கையில் கொடுத்துவிடுவேன். நடுவில் ஒரு வரியும் அழிக்காமல்.