எருவில் கொழுத்த அடப்பங்கொடி

ஆனி, வியாழன் இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. கடற்கரையில் மணல்மேடு சரியாமல் பிடித்து வைப்பது அடப்பங்கொடி. அதனால்தான் நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் எங்கள் நர்சரியிலும் அதை வெறும் மணல் நிரப்பிய பைகளில் நட்டு, தண்ணீரைக் குறைத்து வளர்த்தேன். போன மாதம் நான் ஊரில் இல்லாதபோது, என் மனைவியின் அண்ணன் பாதிக் கொடிகளைச் செம்மண்ணும் சாண எருவும் போட்ட பைகளுக்கு மாற்றிவிட்டார். தினமும் தண்ணீர் வேறு.

"வெறும் மணல்ல வச்சு வித்தா சனம் சிரிக்காதா மாப்ள? இப்பப் பாருங்க, எம்புட்டு செழிப்பு!"

இலை செழிப்புதான். பூ ஒன்றுகூட இல்லை.

இன்று ராமநாதபுரம் பக்கம் கடலோரத்தில் விடுதி கட்டுகிற ஒருவர், விடுதி முன்னாலுள்ள மணல்மேட்டில் நடக் கொடி வாங்க வந்தார். ஊதாப் பூவோடு மெலிந்து கிடந்த என் கொடிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எருவில் கொழுத்ததைக் காட்டி, "இதையே ஏத்துங்கண்ணே" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டிலும் ஒவ்வொரு பை எடுத்து அவர் முன்னாலேயே கிழித்தேன். கொழுத்த கொடியில் வேர் அழுகி விரல் நீளம்தான் மிஞ்சியிருந்தது. மணலில் வளர்ந்ததன் வேர் பையின் அடிவரை இறங்கிச் சுருண்டு கிடந்தது.

"வேரு மண்ணுக்குள்ளதானண்ணே கெடக்கும்? அத யாரு பாக்கப்போறா?" என்று சிரித்தார். மச்சானும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கொழுத்த கொடிகள் அவ்வளவையும் வண்டியில் ஏற்றிவிட்டார்.

யார் பார்ப்பதா? ஐப்பசியில் கடல் வந்து பார்க்கும்.